பதினஞ்சாம் நாள் நாற்காலி

எங்க அக்கா வீட்டுக்காரரோட சொந்தப் பேரைச் சொன்னா எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. "ரேடியோ கடை எது?"ன்னு கேட்டாதான் வழி சொல்லுவாங்க. முடிவெட்டுறவர். ரெண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, ஓரமெல்லாம் ரசம் போன ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் கடை. ஆனா வாய் இருக்கே, அது பத்துக் கடைக்குச் சமம். கல்யாணமான புதுசுல எங்க அக்கா அம்மாகிட்ட வந்து, "தூங்கும்போதாவது நிக்கும்னு பார்த்தேன்மா, அப்பவும் யாருக்கோ கிருதாவைச் சரி பண்ணிக்கிட்டே பேசுறார்"னு அழாத குறையாச் சொன்னா.

நான் அவருக்கு நேர் எதிர். எனக்கு வாய் கம்மி, கோபம் ஜாஸ்தி. மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். ஜெயில்ல வார்டர் வேலை. அந்த வேலைக்கு இந்தக் குணம் ஒத்து வந்துச்சுன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

ஜெயிலுக்கு வந்துக்கிட்டிருந்த பழைய முடிவெட்டுறவருக்கு முட்டி தேய்ஞ்சு போச்சு. அந்த இடத்துக்கு அத்தானைச் சேர்த்துவிட்டது நான்தான். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை காலையில வரணும். வாசல்ல கத்திரி, மிஷின், சீப்பு எல்லாத்தையும் எண்ணி உள்ளே விடுவாங்க, போகும்போது மறுபடி எண்ணுவாங்க. பொது பிளாக்குல அவருக்குக் கொண்டாட்டம்தான். அங்கே உள்ள நாப்பது பேரும் அவர் வாயைப் பார்த்துக்கிட்டே தலையைக் கொடுத்துட்டுப் போவாங்க. சிக்கல் தனி பிளாக்குலதான்.

தனி பிளாக்குன்னா பன்னெண்டு ரூம், ஒரே நடை. ரூமுக்கு ஆறடி அகலம், எட்டடி நீளம். விளக்கு அணைக்கிற ஸ்விட்சு வெளியே, எங்க கையில. கதவுல தட்டு நுழையுற அளவுக்கு ஒரு பொந்து, அதுக்கு மேல கண்ணு வச்சுப் பார்க்க ஒரு ஓட்டை. உள்ளே இருக்கிறவங்ககூட யாரும் பேசக்கூடாது. சாப்பாடு தள்ளுறவனும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது. நடையோட கடைசியில ஒரு சின்ன இடம் இருக்கு. தரையோட போல்ட்டு போட்டு இறுக்கின ஒரு நாற்காலி, பக்கத்துல ஒரு குழாய், மேல ஒரு சுவர்க்கடிகாரம். ஒண்ணு விட்டு ஒரு செவ்வாய் தனி பிளாக்கு ஆளுங்களை அங்கே கூட்டிட்டு வருவோம்.

"முடி வெட்டலாம், பேசக்கூடாது"ன்னு ஹெட் வார்டர் அத்தான்கிட்ட சொன்னப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மீனைப் பார்த்து நீந்தாதேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு.

ஏழாம் நம்பர் ரூம்ல இருந்தவனை ஏழுன்னுதான் கூப்பிடுவோம். பஸ் டிரைவர். பிரேக் பிடிக்காம ஒருத்தர் மேல ஏத்திட்டான், செத்துட்டார், மூணு வருஷம் போட்டுட்டாங்க. அதுல ஒண்ணேகால் வருஷம் பொது பிளாக்குல சாதுவா ஓட்டினவன். ஒரு நாள் குழாயடியில தள்ளுமுள்ளு. நான் கம்பிக் கதவைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே நுழையுறேன், கூட்டத்துலேர்ந்து தப்பிச்சு வெளியே ஓட நெனச்ச இவன் கதவை ஓங்கித் தள்ளினான். என் இடது கை சுண்டுவிரல் நசுங்கிப் போச்சு. இன்னிக்கும் அது நேரா நீளாது, கொக்கி மாதிரி நிக்கும்.

ஒளிச்சு என்ன ஆகப்போகுது, சொல்லிடறேன். அவன் என் கையைப் பார்க்கலை. அந்த நொடியே எனக்குத் தெரியும். ஆனா ரிப்போர்ட் எழுதும்போது "வேணும்னே தள்ளினான்"னு எழுதினேன். வலி உயிர் போச்சு, கோபம் தலைக்கேறிப் போச்சு. பதினாலு நாள் தனியா கெடந்தா புத்தி வரட்டுமேன்னு எழுதினேன். எங்க ஜெயில் விதி அதுதான், தனி பிளாக்குல ஒருத்தனை ஒரேயடியா பதினாலு நாளுக்கு மேல வைக்கக்கூடாது.

அவன் அங்கே பத்து மாசம் இருந்தான்.

முதல் செவ்வாய் நாற்காலிக்கு வந்தப்போ நல்லாத்தான் இருந்தான். அத்தான் துணியைப் போர்த்தினார், கத்திரியை எடுத்தார், வாயைத் திறந்தார், நான் முறைச்சேன். மூடிக்கிட்டார். நாலு வெட்டு வெட்டினதும் என்னைப் பார்த்தார். "ஏன் மச்சான், நேத்து மழையில நம்ம தெருமுனையில தண்ணி நின்னுச்சே, பார்த்தியா?"

நான், "ம்"ன்னேன்.

"மளிகைக்கடைக்காரர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தார். செருப்பு மட்டும் மிதந்துக்கிட்டு அவருக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடுச்சு."

நாற்காலியில இருந்தவன் களுக்குன்னு சிரிச்சான். அப்பதான் எனக்கு விளங்குச்சு. கைதிகிட்ட பேசக்கூடாதுன்னுதானே விதி? வார்டர்கிட்ட பேசலாமே! மனுஷன் என்கிட்ட பேசுற மாதிரி அவன்கிட்ட பேசிக்கிட்டிருக்கார். கோபம் வந்துச்சு எனக்கு. வீட்டுக்கு வந்ததும், "என் வேலைக்கு உலை வைக்காதீங்க"ன்னு கத்தினேன். "உன்கிட்ட பேசினா உனக்கு ஏன்டா கசக்குது?"ன்னு அக்கா அவர் பக்கம் சேர்ந்துக்கிட்டா. சரி, தொலையட்டும்னு விட்டுட்டேன்.

அவனும் பதில் சொல்ல ஒரு வழி கண்டுபிடிச்சான். தன்பாட்டுக்கு முணுமுணுக்கிறதை யாரும் தடுக்க முடியாதில்ல? அவன் ஓட்டின பஸ்ஸோட ஸ்டாப்பெல்லாம் வரிசையாச் சொல்லுவான். பஸ் ஸ்டாண்டு, தண்ணித்தொட்டி, ஆஸ்பத்திரி, மரக்கடை, பெண்கள் பள்ளிக்கூடம், ரயில்வே கேட்டு... கடைசியில ஐஸ் ஃபேக்டரி. மொத்தம் முப்பத்தோரு ஸ்டாப். அத்தான் உதட்டை அசைக்காம எண்ணிக்கிட்டே வெட்டுவார். ஐஸ் ஃபேக்டரி வரும்போது தலையும் தயாராயிடும். துணியை உதறி, "ஆச்சு"ன்னுவார். அந்த வார்த்தை காதுல விழுந்ததும் ஏழு எழுந்திருச்சு, ரெண்டு கையையும் பின்னால கட்டி, சுவரைப் பார்த்து நிப்பான். நான் விலங்கு மாட்டி ரூமுக்குக் கூட்டிட்டுப் போவேன்.

மூணாம் மாசம் மரக்கடை காணாமப் போச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டான். அத்தான் கத்திரி ஒரு நொடி நின்னு, மறுபடி ஓடுச்சு. நாலாம் மாசம் இருபத்திநாலு ஸ்டாப். அஞ்சாம் மாசம் ரயில்வே கேட்டுலேர்ந்து திரும்பவும் தண்ணித்தொட்டிக்கு வந்து, சுத்திச் சுத்தி அங்கேயே நின்னான். பின்மண்டையில ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியே இல்லை. சுவர்ல மோதி மோதி ஆடுறான்னு ஓட்டை வழியா நான் பார்த்ததுதான். பார்த்துட்டு நோட்டுல "நலம்"னு எழுதுவேன். உயிரோட இருந்தா நலம், அவ்வளவுதான் எங்க கணக்கு.

ஆறாம் மாசம்னு நெனைக்கிறேன். கிருதாவை ஒழுங்கு பண்ண அத்தான் அவன் தாடையில கையை வச்சார். ஏழு அப்படியே கன்னத்தை அவர் உள்ளங்கையில சாய்ச்சுட்டான். கண்ணை மூடிக்கிட்டான். ரெண்டு வாரத்துல ஒரு தடவை அவனைத் தொடுற கை அது ஒண்ணுதான். அத்தான் கத்திரியை இறக்கிட்டு ஆடாம அசையாம நின்னார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "நேரமாகுது அத்தான்"னு சொன்னது நான்தான், வேற யாரு.

அன்னிக்கு மத்தியானம் அக்கா வீட்டுல சாப்பாடு. அத்தான் தட்டு முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு கையே வைக்கலை.

"மச்சான், பதினாலு நாள்தான் விதின்னு நீதானே சொன்னே? இது ஆறு மாசமாகுது. எந்தக் கணக்குப்பா இது?"

எனக்கு அப்போ ஒரு கிறுக்குப் பெருமை. உள்வீட்டு விஷயம் தெரிஞ்சவன்ற திமிர். "அத்தான், நீங்க ஒரு வெகுளி. பதினாலு நாள் முடிஞ்சதும் அவனை வெளியே விட்டாச்சுன்னு காட்டணும். எங்கே விடுறோம்? உங்க நாற்காலிக்குத்தான். ரூமை விட்டு வெளியே வந்தான், அரை மணி நேரம் இருந்தான், முடி வெட்டியாச்சு, நீங்க கையெழுத்துப் போட்டாச்சு. புத்தகத்துல அவன் விடுதலை ஆயிட்டான். திரும்ப உள்ளே போனா புதுசா முதல் நாள். ஹெட்டு மூளையே மூளை"ன்னு சிரிச்சேன்.

அக்கா சிரிக்கலை. அத்தான் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ அவனை உள்ளே வச்சிருக்கிறது நான்தானா?"

"நீங்க இல்லைன்னா வேற ஒருத்தர். சாப்பிடுங்க."

எழுந்து போய்க் கை கழுவினார். சாப்பிடாத கையை எதுக்குக் கழுவணும்? ரொம்ப நேரம் கழுவினார். "உன் நாக்குல தேள் கொட்ட"ன்னு அக்கா என்னைத் திட்டினா. அதுக்கப்புறம் பத்து நாள் கடையில ரேடியோ பாடலை. வந்தவங்கள்லாம், "என்னப்பா, பேட்டரி போயிடுச்சா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. ஒருத்தர் பயந்துபோய், வீட்டுல ஏதும் துக்கமான்னு என்கிட்ட விசாரிச்சார்.

அடுத்த தனி பிளாக்குச் செவ்வாய்க்கு, வயித்தைப் பிடிக்குதுன்னு சொல்லி அத்தான் வரலை. தான் வெட்டலைன்னா கணக்கு புதுசாகாதுன்னு அவருக்கு ஒரு நெனப்பு. ஹெட்டு அசரலை. பொது பிளாக்குலேர்ந்து ஒருத்தன் கையில மிஷினைக் கொடுத்தார். அவன் ஏழோட காதைக் கிழிச்சு, தலையை ஆடு மேய்ஞ்ச மாதிரி பண்ணிட்டுப் போனான். புத்தகத்துல வழக்கம்போல வெளியே, உள்ளே. அத்தான் பேருக்கு எதிர்ல வெட்டினவன் கைநாட்டு.

அதைக் கேள்விப்பட்டு அத்தான் அடுத்த தடவை வந்துட்டார். காதுல காய்ஞ்சிருந்த தழும்பைப் பார்த்துட்டு, "வயித்துவலி எனக்கு, கஷ்டம் இன்னொருத்தருக்கு. தப்புப் பண்ணிட்டேன் மச்சான்"னு என்னைப் பார்த்து அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டார். ஏழு காதுல அது விழுந்துச்சான்னு தெரியலை. எழுந்திருக்கும்போது நாற்காலியைத் தொட்டு, "மன்னிச்சிடுங்க"ன்னு நாற்காலிகிட்ட சொன்னான். அன்னிக்கு ஸ்டாப் மொத்தம் ஒன்பது.

நானும் எண்ண ஆரம்பிச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லிக்கலை. வீட்டுல பல் தேய்க்கும்போது பஸ் ஸ்டாண்டு, தண்ணித்தொட்டின்னு வாய்ல வரும். அப்போ ஹெட்டுகிட்ட போய், அது வேணும்னே பண்ணினது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரெண்டு தடவை அவர் ரூம் வாசல் வரைக்கும் போனேன். "என்ன, விரல் எப்படி இருக்கு? உன் விரலுக்காகத்தான்யா அவனை வாட்டுறேன்"னு அவரே தோளைத் தட்டுவார். நானும் தலையை ஆட்டிட்டு வந்துடுவேன். என்ன பிறவி நான்!

பத்தாம் மாசக் கடைசியில ஜட்ஜம்மா பார்வையிட வர்றாங்கன்னு தகவல் வந்துச்சு. செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு. ஹெட்டு எங்களை வரிசையா நிக்க வச்சுச் சொன்னார்: "தனி பிளாக்குல எல்லார் தலையும் பளிச்சுன்னு இருக்கணும். ஏழாம் நம்பருக்குக் கடைசியா வெட்டி, பதினோரு மணிக்கு முன்னாடி உள்ளே தள்ளிடு. கேட்டா, இன்னிக்குத்தான் முதல் நாள்."

என்கிட்ட ஒரு சோம்பேறித்தனம் உண்டு. தனி பிளாக்குல வேலை பார்த்த எங்க எல்லாருக்கும் உண்டு. புத்தகத்தைக் காலையிலேயே எழுதி முடிச்சுடுவோம். எல்லா நாளும் ஒரே மாதிரிதானே? "10.30 வெளியே. முடிவெட்டு முடிந்தது. 11.00 உள்ளே." நாள் முழுக்க நடக்கப்போறதை டீ குடிக்கும்போதே எழுதி வச்சுட்டு, கையெழுத்து மட்டும் அப்பப்போ வாங்குவோம். அன்னிக்கும் அப்படித்தான் எழுதினேன்.

பத்தரைக்கு ஏழை உட்கார வச்சேன். அத்தான் ஒரு வார்த்தை பேசலை. மழை இல்லை, மளிகைக்கடை இல்லை, ஒண்ணும் இல்லை. வலது பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சார். ரொம்பப் பொறுமையா, கல்யாண மாப்பிள்ளைக்கு வெட்டுற மாதிரி வெட்டினார். காதுக்கு மேல, பின்னால, நடுவகிடு வரைக்கும் அவ்வளவு சுத்தம். அப்புறம் கத்திரியைத் துடைச்சார். பெட்டியில வச்சார். மூடியை மூடினார்.

"அத்தான், இடது பக்கம்?"

"கை வலிக்குது மச்சான்."

"விளையாடாதீங்க. ஆள் வர்ற நேரம்."

"நான் இன்னும் ஆச்சுன்னு சொல்லலை." என்னை நேராப் பார்த்தார். "இனிமே நான் அதைச் சொல்லமாட்டேன். நீ மிஷினை எடுத்து வெட்டிக்கோ. இல்லை, ஹெட்டைக் கூப்பிடு. உன் இஷ்டம்."

மிஷின் என் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. அஞ்சு நிமிஷம் போதும். ஏழு பாதித் தலையோட, கையை மடியில வச்சுக்கிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கான். என் கக்கத்துல புத்தகம். மிஷினை எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், எடுத்தேன். அவன் கழுத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். என் கை பட்டதும் அவன் தலையை உள்ளே இழுத்து, தோளைக் குறுக்கிக்கிட்டான். அத்தான் கையில கன்னத்தைச் சாய்ச்சவன், என் கையைக் கண்டு நத்தை மாதிரி சுருங்கிட்டான். மிஷினைக் கீழே வச்சுட்டேன்.

அப்பதான் நடையில செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கடிகாரத்துல பத்து அம்பது. ஜட்ஜம்மா பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டாங்க.

ஒல்லியா, கண்ணாடி போட்ட அம்மா. பின்னாடியே சூப்பிரண்டு, அவருக்குப் பின்னாடி ஹெட்டு. பாதித் தலையைப் பார்த்ததும் நின்னுட்டாங்க. "என்ன இது?"

ஹெட்டு முந்திக்கிட்டார். "புத்தி சரியில்லாதவன் மேடம். தலையைக் காட்டமாட்டான், முரண்டு பண்ணுவான். இன்னிக்குத்தான் கொண்டு வந்தோம்."

ஜட்ஜம்மா என்கிட்டேர்ந்து புத்தகத்தை வாங்கினாங்க. படிச்சாங்க. கடிகாரத்தைப் பார்த்தாங்க. மறுபடி படிச்சாங்க. "மணி இன்னும் பதினொண்ணு ஆகலையே. இவர் பதினோரு மணிக்கு உள்ளே போயிட்டாராம், முடியும் வெட்டியாச்சாம். அப்போ இங்கே உட்கார்ந்திருக்கிறது யாரு?"

அப்போ அத்தான் பேசினார். ஊரே ரேடியோன்னு கூப்பிடுற மனுஷனுக்கு அன்னிக்கு வாய் திக்குச்சு. "அ... அம்மா, நான் முடிவெட்டுறவன். பக்கத்தைப் பின்னால திருப்புங்க. என் கையெழுத்து இருக்கும். இருபது தடவை இருக்கும், ஒரு கைநாட்டும் இருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் ஆச்சுன்னு சொன்னா இவருக்கு மறுபடியும் பதினாலு நாள். எனக்குத் தெரியாம பாதி, தெரிஞ்சு பாதி வெட்டிட்டேன். இன்னிக்கு என்னால முடியலைம்மா."

பக்கம் புரளுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஜட்ஜம்மா என்னைப் பார்த்தாங்க. "எழுதினது நீங்கதானே? இவர் சொல்றது உண்மையா?"

ஹெட்டு என் முகத்தைப் பார்க்கலை. என் விரலைப் பார்த்தார். சம்பளம், வீடு, பிள்ளைங்க படிப்பு, எல்லாம் வரிசையா கண்ணு முன்னாடி வந்துச்சு. நான் நின்னேன். கல்லுப் பிள்ளையாரா நின்னேன்.

பதில் வராததால அவங்க நாற்காலி பக்கம் குனிஞ்சாங்க. மெதுவாக் கேட்டாங்க. "நீங்க ஏதாவது சொல்லணுமாப்பா?"

ஏழு ரொம்ப நேரம் யோசிச்சான். ஒரு மனுஷன் தன்னைக் கேள்வி கேட்டு எத்தனை மாசம் ஆச்சு? உதட்டை நனைச்சுக்கிட்டான். "பஸ் ஸ்டாண்டு"ன்னான். "தண்ணித்தொட்டி." நிறுத்தினான். "தண்ணித்தொட்டி." நெத்தி சுருங்குச்சு. "தண்ணித்தொட்டி... தண்ணித்..."

"ஆஸ்பத்திரி."

யாரோ சொன்னாங்க. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததும்தான் அது என் வாய்னு எனக்கே தெரிஞ்சுது.

"ஆஸ்பத்திரி, மரக்கடை, பெண்கள் பள்ளிக்கூடம்..." எனக்கு அழுகை வந்துடுச்சு. "முப்பத்தோரு ஸ்டாப்மா. அவன் மறந்துட்டான், எனக்கு மனப்பாடம். அத்தான் சொன்னது அத்தனையும் உண்மை. எழுதினது நான். இந்த விரலும் அவன் வேணும்னே பண்ணினது இல்லை. அவன் என் கையைப் பார்க்கவே இல்லை. அதையும் நான்தான் மாத்தி எழுதினேன்."

அன்னிக்கு மத்தியானமே ஏழைப் பொது பிளாக்குக்கு மாத்தினாங்க. நாங்க ஜெயிச்ச மாதிரி அத்தான் கடைக்குப் போய் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் சந்தோஷப்படலை, ஏன்னா நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். நாப்பது பேர் இருக்கிற ஹால்ல அவன் மூலையில முகத்தைச் சுவருக்குக் காட்டி நின்னான். யாராவது தோளைத் தொட்டா கத்தினான். காதைப் பொத்திக்கிட்டான். மூணாம் நாள் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, "ஐயா, என்னை என் ரூமுக்கு அனுப்பிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னு கெஞ்சினான். "பார்த்தியா, அவனே கேக்குறான். அப்போ அங்கே அப்படி என்ன கஷ்டம் கொடுத்துட்டோம்?"னு ஹெட்டு கேட்டார். எனக்கு அவரை அங்கேயே அறையணும்னு இருந்துச்சு. அறைய எனக்கு என்ன யோக்கியதை?

விசாரணை நடந்துச்சு. ஹெட்டு வேற ஜெயிலுக்குப் போனார், நான் வாசல் காவலுக்குப் போனேன். அத்தானை இனிமே வரவேண்டாம்னுட்டாங்க. தனி பிளாக்கு மட்டும் அங்கேயேதான் இருக்கு.

மிச்சத் தண்டனை முடிஞ்சு ஏழு வெளியே வந்த மறு வாரம், அவரோட தங்கச்சி அவரைக் கையைப் பிடிச்சுக் கடைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. வேற கடையில உட்காரவே மாட்டேங்கிறார், உங்க பேரைச் சொன்னதும் வந்தார்னாங்க. அன்னிக்கு எனக்கு லீவு, பெஞ்சுல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். அத்தானுக்குத் தலைகால் புரியலை. துணியைப் போர்த்தி, பத்து மாசம் அடக்கி வச்சிருந்த பேச்சையெல்லாம் கொட்டித் தீர்த்தார். "இப்போ யாரும் தடுக்க முடியாது பாருங்க, நான் உங்ககிட்டயே பேசுவேன்"னு சிரிச்சார். அவரும் லேசாச் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. வெட்டி முடிச்சு, துணியை உதறி, பழக்கதோஷத்துல அத்தான் சொல்லிட்டார். "ஆச்சு."

அவர் எழுந்தார். ரெண்டு கையையும் பின்னால கட்டினார். கண்ணாடிக்குப் பக்கத்துல சுவரைப் பார்த்து நின்னார். தங்கச்சி, "அண்ணா, வா போலாம்"னு தோளைத் தொட்டாங்க. அசையலை. மெதுவா முகத்தைத் திருப்பி பெஞ்சுப் பக்கம் பார்த்தார். என்னை.

"ஐயா, போலாமா?"

விலங்குக்காகக் கையை இன்னும் கொஞ்சம் எனக்கு வசதியா நீட்டினார். எனக்கு அந்த இடத்துலேயே செத்துப்போயிடலாமான்னு இருந்துச்சு.

அத்தான்தான் சுதாரிச்சார். "அட, எங்கே எழுந்துட்டீங்க? இன்னும் ஆகலையே! இந்த இடது காதுக்குப் பின்னால கொஞ்சம் விட்டுட்டேன், வயசாகுதில்ல, கண்ணு தெரியலை. உட்காருங்க." உட்கார வச்சு, கத்திரியை எடுத்து, அந்த இடத்தைத் தொடாமலேயே சும்மா காத்துல நாலு தடவை வெட்டினார். "கத்திரி மழுங்கிப் போச்சு. மிச்சத்தை அடுத்த தடவை பார்த்துக்கலாம். இப்போதைக்குப் போயிட்டு வாங்க." ஏழு ஒரு நிமிஷம் யோசிச்சார். வேலை பாக்கி இருக்கு, அதனால ரூமுக்குப் போகவேண்டியதில்லை. தானா எழுந்தார், தங்கச்சிகூட படி இறங்கித் தெருவுல நடந்தார்.

இது நடந்து நாலு வருஷமாச்சு. ஒண்ணு விட்டு ஒரு செவ்வாய் வர்றார், இப்போ தனியாவே வர்றார். இடது காதுக்குப் பின்னால ஒரு கொத்து முடியை அத்தான் எப்பவும் விட்டுடுவார். அளவு மீறி வளர்ந்தா கொஞ்சம் குறைப்பார், முழுசா எடுக்கமாட்டார். கடையில அந்த வார்த்தையை யாருக்கும் சொல்றதில்லை, துணியை மட்டும் உதறுவார். "நாலு வருஷமா ஒரு தலையை வெட்டி முடிக்காத ஆளு"ன்னு விவரம் தெரியாதவங்க கிண்டல் பண்ணுவாங்க. அத்தானும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைகள்ல நான் கடைக்குள்ளே போறதில்லை. என் முகத்தைப் பார்த்தா அவர் கை பின்னால போயிடுது. பக்கத்துச் சைக்கிள் கடை ஓரமா, உள்ளேர்ந்து பார்த்தா தெரியாத இடத்துல நிப்பேன். ஸ்டாப் சொல்றது கேட்கும். போன தடவை பத்தொன்பது வரைக்கும் வந்தார். அதுக்கு அடுத்து எதுன்னு தெரியாம நின்னார், எனக்குத் தெரியும், வாயைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் அவர் படி இறங்கி, ரெண்டு கையையும் வீசிக்கிட்டுப் போறதைப் பார்த்துட்டு, நான் வேற தெரு வழியா வீட்டுக்குப் போனேன்.